அடைமழையில் சைக்கிள் சவாரி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒரு வழக்கு நடக்கும். வாதி என் மாமியார், பிரதிவாதி நான். "இந்த மழையில் சைக்கிளா? பஸ்ஸில் போனால் என்ன குறைந்துவிடும்?" என்பார். "ஒன்றும் குறையாது அம்மா, ஒரு படம்தான் குறையும்!" என்று காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொள்வேன். தீர்ப்பு என் பக்கந்தான். ஆனால் அபராதமாக ஒரு டம்ளர் சுக்குக் காப்பி குடித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

பெஸன்ட் நகரிலிருந்து அண்ணா சாலையில் உள்ள ஆபீசுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர். அடையாற்றுப் பாலம், சாந்தோம், கடற்கரை என்று வடக்கு நோக்கிப் போகிற வழி. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக் காற்று கொண்டுவந்து கொட்டுவது. ஆகவே காலையில் வாடை முகத்தில் அறையும். மாலையில் அதே காற்று, செய்த குற்றத்துக்குப் பரிகாரம் தேடுவது போல், முதுகில் கை வைத்து வீடு வரை தள்ளிக்கொண்டு வரும்!

மழைச் சவாரிக்குச் சில சூத்திரங்கள் உண்டு. நனைந்த சக்கரத்தில் பிரேக் சட்டென்று பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாக அழுத்தி ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடும், சாக்கடையின் இரும்பு மூடியும் வழுக்கும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமே இல்லை.

காமிராவுக்கும் பத்தியம் உண்டு. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் ஆவி படரும். சற்று நேரம் பைக்குள்ளேயே மூடி வைத்திருந்து எடுத்தால் படராது. ஈரம் தங்கினால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தை எறியாமல் பையில் போட்டு வையுங்கள்.

இத்தனை தொல்லையும் எதற்கு என்கிறீர்களா? 1959-இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையை, தேவி பிரசாத் ராய் சவுத்ரியின் கைவண்ணத்தை, வெயிலில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். மழையில் பாருங்கள்! பாறையைப் புரட்டும் அந்த நால்வருக்கும் உண்மையாகவே வியர்த்துக் கொட்டும்.

ஆனால் நான் மறக்காத படம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்து, படகுகள் மறுபடியும் கடலில் இறங்கிய சமயம். லூப் ரோட்டில் புதிய மீன் அங்காடி திறந்தது 2024-இல்தான். அன்று சாலையோரத்தில்தான் கடைகள். கிழிந்த குடையின் கீழே ஒரு பாட்டி சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். படம் எடுத்தேன்.

"புட்சிகினு போறியேம்மா, எனக்கு ஒண்ணு குடுப்பியா? வூட்ல இருந்த ஒரே போட்டோவும் புயல் தண்ணியில ஊறிப் பூட்ச்சு. நாளைக்கு நான் போனா, மாலை போட ஒரு படம் வேணாமா?" என்றாள் சிரித்துக்கொண்டே.

அச்சுப் போட்டு வாங்கிவிட்டேன். ஆனால் மழைக்குப் பயந்து நாலு நாள் பஸ்ஸில் போனேன். ஐந்தாம் நாள் போனால், குடையும் இல்லை, பாட்டியும் இல்லை! பக்கத்துக் கடைக்காரியைக் கேட்க நாக்கு எழவில்லை. மெல்லக் கேட்டேன். "ஜொரம். மவ வூட்டுக்குப் போயிருக்குது" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. என் மழைக்கோட்டைக் கழற்றிப் படத்துக்குச் சுற்றிக்கொண்டு, நான் நனைந்தபடி போனேன். ஒரு வாரம் கழித்துப் பாட்டி வந்திருந்தாள். கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இம்மாஞ் சிரிப்பா சிரிச்சேன் நானு?" என்றாள்.

இரவு இதை மாமியாரிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கு நடக்கவில்லை. சுக்குக் காப்பி மட்டும் வந்தது. கூடவே ஒரு கேள்வி:

"ஊரெல்லாம் எடுக்கிறாயே, என்னை எப்போது எடுக்கப் போகிறாய்?"