பானெட்டைத் தூக்கினால் மோட்டார்

தேரடி மெட்ரோவில் இறங்கிக் கடல் பக்கமாகப் பத்து நிமிட நடை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. மூக்கில் டீசலும் உப்பும். டீ 15 ரூபாய். டீக்கடைக்காரர் கைகாட்டிய தகரக் கொட்டகைக்குள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நின்றது.

1961-ல் சந்தைக்கு வந்த, சென்னையிலேயே தயாரான கார் அது. மட்கார்டு உட்பட முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். 948 சிசி இன்ஜின் மூலையில் டயர் மேல் கிடந்தது. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக்கூட எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அங்கே இப்போது மின் மோட்டார் ஒன்று கியர்பாக்ஸோடு சேர்ந்திருந்தது.

"கிளட்சைக் கழட்டலையா அண்ணே?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"எதுக்கு சார்? அப்டியே இருக்கட்டும். ரெண்டாவது கியர்லயே கெளம்பும்."

மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அலுமினியத் தட்டைப் பக்கத்து லேத்தில் கடைந்தாராம், கூலி 6,500. விளிம்பைத் தடவிப் பார்த்தேன், பிசிறே இல்லை. மையம் நூலளவு விலகினாலும் பேரிங் போய்விடும். இது கைதேர்ந்த வேலை. அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிய வட்டாரம் அல்லவா!

டிக்கியில் பேட்டரி. "ஒரு சார்ஜுல மாமல்லபுரம் போயி வந்துரலாம் சார்."

எண்ணினேன். 24 செல்; ஒவ்வொன்றின் மேலும் 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர். பெருக்கினால் ஏழே முக்கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. இந்த எடைக்குக் கிலோமீட்டருக்கு 120 வாட்-ஹவராவது செலவாகும். ஆக அறுபது கிலோமீட்டர், சற்றே கூடலாம். அதில் மாமல்லபுரம் போய்ச் சேர்வதே சந்தேகம்.

இன்னும் குனிந்து பார்த்தேன். செல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் இரண்டின் ஓரம் பச்சை பூத்திருந்தது. வண்டி இன்னும் தெருவில் இறங்கவே இல்லை, கடலோ நானூறு அடியில். பேட்டரிப் பெட்டிக்கு மூடியும் இல்லை. "தொடச்சா போயிடும் சார்" என்று துணியை எடுத்தார். அது ஏற்கெனவே பச்சையாக இருந்தது.

ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். எரிபொருள்: பெட்ரோல். இப்படி மாற்றும் கிட்டுக்கு புனே ஏஆர்ஏஐ போன்ற சோதனை மையத்தின் சான்று இருந்தால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த வரியை மாற்றுவார்கள்.

"சான்று இருக்கா அண்ணே?"

"இருக்கே!" என்று உள்ளே போய், மோட்டார் வாங்கிய பில்லை எடுத்து வந்தார்.