சிக்கிள்ஸின் காலும் பலாதின் தரையும்

வாஷிங்டனின் வடக்கு எல்லையைத் தாண்டியதும் மேரிலாண்டின் சில்வர் ஸ்பிரிங். அங்கே இருக்கிறது அமெரிக்க ராணுவத்தின் மருத்துவ அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் போன அன்று கூட்டமும் இல்லை.

வருகிறவர்கள் முதலில் தேடுவது ஜெனரல் டேனியல் சிக்கிள்ஸின் காலை. நானும் அதைத்தான் தேடிப் போனேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் களத்தில் பீரங்கிக் குண்டு நொறுக்கிய வலது கால் எலும்பை நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். வெட்டி எடுத்த காலைச் சவப்பெட்டி போன்ற சிறு பெட்டியில் வைத்து, தன் வாழ்த்துச் சீட்டோடு அனுப்பிவைத்தவர் அவரேதான். பிறகு வருடா வருடம் வந்து பார்த்தும் போனாராம். கொஞ்சம் விசித்திரமான ஆள்தான்.

ஆனால் அந்தக் கால் இங்கு வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஓர் உத்தரவு இருக்கிறது. ராணுவத் தலைமை மருத்துவர் வில்லியம் ஹாமண்ட் 1862 மே மாதம் களத்திலிருந்த மருத்துவர்களுக்கு எழுதினார்: வெட்டிய உறுப்பு, எடுத்த குண்டு, எதையும் எறியாதீர்கள், காயத்தின் விவரத்தோடு அனுப்புங்கள். அப்படிச் சேர்ந்த விவரங்களிலிருந்து 1870 முதல் 1888 வரை ஆறு பெரும் தொகுதிகள் அச்சாயின. ஹாமண்டை மட்டும் 1864இல் ராணுவ நீதிமன்றம் பதவியிலிருந்து தூக்கிவிட்டது.

எலும்பைப் பத்திரப்படுத்திய அதே ராணுவம், அந்த உள்நாட்டுப் போரிலேயே ராணுவ மருத்துவர் ஜோனதன் லெட்டர்மேன் உருவாக்கிய ஆம்புலன்ஸ் படையைப் போர் முடிந்ததும் கலைத்தது. 1898இல் ஸ்பெயினோடு மோதியபோது, பகைவனின் குண்டைவிட முகாம்களின் டைஃபாய்டுதான் அதிகம் பேரைக் கொன்றது.

அந்தக் காலத்து அறுவைப் பெட்டிகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். ரம்பம், கத்தி, அவற்றோடு ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை. கருவி பழையது, எளியது. இருந்தும் வியட்நாமில் கை கால் காயத்தில் ரத்தம் வடிந்தே 2,500 பேருக்கு மேல் இறந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். பட்டையைக் கட்டினால் கால் அழுகிவிடும், அது கடைசி வழி என்பதே அன்றைய பாடம். அதைத் தவறென்று சொல்லி, களத்தில் முதலில் கட்டு என்று கடற்படை மருத்துவர் ஃபிராங்க் பட்லரும் தோழர்களும் 1996இல் எழுதினார்கள். சிறப்புப் படைப் பிரிவுகள் சில முதலில் கேட்டுக்கொண்டன. சாதாரணச் சிப்பாய் எல்லோருக்கும் பட்டை கொடுக்க ராணுவம் 2005இல்தான் முனைந்தது. இராக் போர் தொடங்கி அதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிட்டது.

ரத்தம் ஏற்றுவதிலும் இதே கதை. ராணுவ மருத்துவர் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் முதல் உலகப் போரில், 1917இலேயே, ரத்தத்தைப் பாட்டிலில் சேமித்துக் களத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த உலகப் போருக்கு அமெரிக்கா ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை நம்பிப் புறப்பட்டது. முழு ரத்தம் வேண்டும் என்று 1943இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து அறுவை மருத்துவர் எட்வர்ட் சர்ச்சில் போராட வேண்டியிருந்தது. இராக்கில் மூன்றாவது முறையாக அதைக் கண்டுபிடித்தார்கள். போருக்கும் போருக்கும் இடையே கற்றது மறந்துபோகும் இந்தச் சரிவுக்கு பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் அலஸ்டேர் வாக்கரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பாடப் புத்தகம் தொலைந்ததாலா சரிவு? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூலகத்தில் எல்லாம் இருந்தது. அதைப் படித்துக் கையில் பழகியவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள்.

உள்ளே ஓரிடத்தில் கால் தானாகவே நின்றுவிட்டது. இராக்கின் பலாத் கூடார மருத்துவமனையில் படுகாயமடைந்தவர்களைக் கிடத்திய பகுதியின் சிமெண்டுத் தரையையே பெயர்த்துக் கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள். வழக்கமான அருங்காட்சியகப் பொருளல்ல இது. இங்கே நின்று சிகிச்சை செய்தவர்களின் கை வேகத்தை எப்படிப் பெயர்த்து வைப்பது?

அதற்கு ராணுவம் கண்டிருக்கும் வழி, சில்வர் ஸ்பிரிங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. படுகாயச் சிகிச்சைக்கான பால்டிமோரின் ஷாக் டிராமா மையத்தில் விமானப்படை மருத்துவர்களும் செவிலியர்களும் பணி செய்தே பயிற்சி பெறுகிறார்கள். போர் இல்லாத நாட்களிலும் அங்கே குண்டடிபட்டவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், நகரத்துத் தெருக்களிலிருந்து. இந்தப் பயிற்சி முறையை 2019இல் ஒரு சட்டத்தின் வழியே மற்ற நகரங்களுக்கும் விரிவாக்க வகை செய்திருக்கிறார்கள்.