கடைவாய்ப் பல்லுக்கு ஒரு பாலிசி

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் பல்லைத் தேடுகிறவர்கள், எதற்கெல்லாம் பணம் தருவார்கள் என்ற பக்கத்தைப் புரட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். எதற்கெல்லாம் தரமாட்டார்கள் என்ற பட்டியலுக்கு நேராகப் போய்விடலாம். அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சைக்கு அக்கம்பக்கத்தில் எங்காவது பல் இருக்கும். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும் விதிவிலக்கு. ஜி.என்.டி. சாலையில் வண்டியிலிருந்து விழுந்து முன்பல் போய், படுக்கையிலும் கிடந்தால் கேட்கலாம். தீபாவளி முறுக்கைக் கடித்துப் போனால் அது நம் பாடு.

என் மனைவிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. ரூட் கெனால் செய்து கேப் போட எட்டாயிரம் ஆகும் என்று ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். விஷயம் புழல் காவாங்கரையில் எங்கள் தெருவிலேயே இருக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் காதுக்கு எட்டிவிட்டது.

“பல்லும் இதுல வருதுண்ணே. இப்ப ஜி.எஸ்.டி.யும் கெடையாது.”

ஜி.எஸ்.டி. பற்றி அவர் சொன்னது சரிதான். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத வரியை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள். பல் விஷயம்தான் இழுத்தது. அவர் காட்டிய பாலிசியில், மூன்று வருஷம் விடாமல் கட்டிய பிறகு ஒரு தடவை, அதுவும் ஐயாயிரம் ரூபாய்க்குள், பல்லுக்குத் தருவார்கள். உடனே வேண்டுமென்றால் புறநோயாளிச் செலவுக்கென்று தனிச் சேர்க்கை உண்டு. நாலாயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கட்டினால் வருஷத்துக்கு ஐயாயிரம் வரை பில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பல் வலிக்காத வருஷம் கட்டியது கட்டியதுதான்.

ஏஜெண்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காப்பீடு என்பதே, யாருக்கு வரும் என்று தெரியாத பெரிய செலவை எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமப்பது. மாரடைப்புக்கு அது சரிப்படும். சொத்தைப் பல் யாருக்குத்தான் வராது? எல்லாரிடமும் வசூலித்து எல்லாருக்கும் திருப்பிக் கொடுப்பதென்றால் நடுவில் ஆபீஸ் செலவும் கமிஷனும் போக மிச்சம்தான் கைக்கு வரும். அந்த வேலையைச் செய்ய நம் தெருவில் சீட்டு இருக்கிறது. சீட்டிலாவது அவசரம் என்றால் தள்ளிக் கேட்டு முதல் மாதமே எடுக்கலாம். இதில் பல் மூன்று வருஷம் பொறுத்திருக்க வேண்டும்.

பல்லுக்கென்று தனிக் காப்பீடு ஓரளவு ஓடிய இடம் அமெரிக்கா. அது ஆரம்பித்த கதை வடசென்னைக்காரர்கள் காதில் விழ வேண்டியது. 1954-இல் அங்கே மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கமும் கப்பல் முதலாளிகள் சங்கமும் சேர்ந்து வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா பல் மருத்துவர் சங்கங்களை அணுகின. கேட்டது சரக்கு இறக்குகிற தொழிலாளிகளின் பல்லுக்கு அல்ல, அவர்கள் பிள்ளைகளின் பல்லுக்கு. இன்று அங்கே பெரிய பெயரான டெல்டா டென்டல் அதிலிருந்து வளர்ந்ததுதான். பிள்ளைகளிடமிருந்து தொடங்கியதைக் கெட்டிக்காரத்தனம் என்பேன். சொத்தை சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் செலவும் சின்னது. பெரியவர்களின் பல்லை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 1948-இல் பல்செட்டை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள், கூட்டம் தாங்கவில்லை. 1951-இல் பாதி விலை கேட்க முடிவானதும், அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த அனூரின் பெவன் மந்திரி பதவியையே விட்டுவிட்டார்.

நம் பக்கம் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கட்டுகிற ஏற்பாடு இல்லாமலில்லை. இ.எஸ்.ஐ. இருக்கிறது. தம்பி மகன் மாதவரத்தில் ஒரு கோடவுனில் வேலை செய்கிறான். அவனுடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 18,000 சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் பிடித்தம். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். மாதம் 720 ரூபாய் அவன் பெயரில் போகிறது. பல் வைத்தியமும் அதில் அடக்கம், பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆனால் அவன் தன் மகளின் பால்பல் சொத்தைக்கு வெளியே கைக்காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். “இ.எஸ்.ஐ.ன்னா அடிபட்டாதானே பெரியப்பா?” என்கிறான். மணலியிலும் எண்ணூரிலும் காண்டிராக்டில் இருக்கும் எத்தனையோ பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2017-இலிருந்து இதற்குச் சம்பள வரம்பு 21,000. அதைத் தாண்டினாலும் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற அரையாண்டு முடியும்வரை பிடித்தம் தொடரும். சம்பள உயர்வு வரப்போகிறது என்று வாடை அடித்தால் அதற்குள் வீட்டிலுள்ள எல்லாருடைய வாயையும் காட்டிவிடுவது நல்லது.

எனக்கு அந்த வழியும் இல்லை. மீதி இருந்தது கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. புழலிலிருந்து பஸ் பிடித்துக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் பெரிதாக ஆகாது, பொழுது ஆகும். ஒரு பிரிவில் பார்த்து எக்ஸ்ரேவுக்கு அனுப்புவார்கள். அது கையில் வந்ததும் இன்னொரு மாடி. மாணவி ஒருத்தி ஊசி போன்ற மெல்லிய ஃபைலை வேருக்குள் விட்டு, எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொண்டாள். பேராசிரியர் எட்டிப் பார்த்து, அளவு சரியில்லை, மறுபடி எக்ஸ்ரே எடு என்றார். மனைவிக்கு அலுப்புத்தான். எனக்கு அந்த ‘மறுபடி’ பிடித்திருந்தது. மணிக்கணக்குப் பார்க்கிற இடத்தில் அப்படிச் சொல்ல மனம் வருமா?

தினக்கூலிக்காரர்களுக்கு இந்த வழி இலவசம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வந்துபோகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி.

இருக்கிற மெடிக்ளெய்மை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்று அப்படியே வைத்துக்கொண்டோம். பல் சேர்க்கை வேண்டாம் என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். கம்பெனியே கட்டுகிற குரூப் பாலிசியில் புறநோயாளிச் செலவும் சேர்ந்து வருகிறவர்கள் கதை வேறு. அவர்கள் கேட்டால், வருஷம் முடிவதற்குள் பல்லைச் சுத்தம் செய்து, இருக்கிற சொத்தையை அடைத்து, பில்லை அன்றே போட்டுவிடுங்கள் என்பேன். மீதம் வைத்த தொகை பெரும்பாலும் அடுத்த வருஷத்துக்கு வராது.