விமான விபத்து விசாரணை தொடங்கிய இடம்

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறினால், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்து வேபிரிட்ஜில் இறங்கலாம். அங்கிருந்து புரூக்லண்ட்ஸுக்கு நடந்தே போய்விடலாம். பேருந்தும் உண்டு. லண்டனுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் மெழுகுச் சிலைகளையும் அரண்மனையையும் பார்த்துவிட்டு ஈஸ்ட் ஹாமில் தோசை சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் வருபவர் குறைவு. வேலை விஷயமாகப் போயிருந்த நான் ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்கினேன். அங்கே படித்துக்கொண்டிருக்கும் அக்காள் மகனும் கூட வந்தான். ஜூனியர் காலேஜில் படித்தபோது சிலேத்தாரில் விமானம் ஓட்டப் பழகியவன். அவன் தனியாகப் பறந்த முதல் நாளன்று அக்காள் பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை.

புரூக்லண்ட்ஸ் 1907இல் கட்டப்பட்ட கார்ப் பந்தயப் பாதை. ஹியூ லாக் கிங் என்பவர் தம் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில் கட்டியது. சுற்றளவு சுமார் நாலரை கிலோமீட்டர். வளைவுகளில் கான்கிரீட் தரை சுவரைப் போல எழும்பி நிற்கிறது. இன்று பாசி படிந்து வெடித்துக் கிடந்தாலும், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வயிறு லேசாகக் கலங்குகிறது.

அந்த வளையத்துக்குள் இருந்த வெற்று நிலத்தில்தான் விமானக்காரர்கள் புகுந்தார்கள். அவ்ரோ நிறுவனத்தைப் பின்னால் தொடங்கிய ரோ, ஒரு மரக் கொட்டகையில் தம் முதல் விமானத்தோடு மல்லுக்கட்டிய இடம் இது. கொட்டகையின் மாதிரி ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கார் நிறுத்துமிடம் அதைவிட வசதியானது. பக்கத்தில் ஊர்க் கழிவுநீர்ப் பண்ணை ஒன்று இருந்தது. புதிதாகக் கற்பவர்கள் அதற்குள் போய் விழுவது வாடிக்கை. எழுந்து வருபவரை நண்பர்கள் தூர நின்றே விசாரித்திருப்பார்கள்.

பிரிஸ்டல் நிறுவனமும் இங்கே ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தியது. அந்த நிறுவனத்தின் இரட்டை இறக்கை விமானம் ஒன்றைத்தான் 1911 மார்ச் 16ஆம் தேதி ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியர் நம் ஃபேரர் பார்க்கில், அப்போதைய குதிரைப் பந்தயத் திடலில் இருந்து ஓட்டிக் காட்டினார். சிங்கப்பூர் வானில் பறந்த முதல் விமானம் அது.

மரச் சட்டம், துணி, கம்பி, ஒரு நம்ப முடியாத என்ஜின். இவ்வளவுதான் அன்றைய விமானம். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் சார்லஸ் ரோல்ஸ் 1910 ஜூலையில் போர்ன்மத்தில் நடந்த விமான விழாவில் வால்பகுதி முறிந்து விழுந்து இறந்தார். அவருக்கு வயது 32. ராயல் ஏரோ கிளப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் அவர். பலூனில் போய்வரும் பணக்காரர்களின் பொழுதுபோக்குச் சங்கமாக 1901இல் தொடங்கிய அந்தக் கிளப், விமானிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தது. சான்றிதழ் வாங்கியவர்கள் இறக்க ஆரம்பித்ததும், ஏன் என்று கேட்கும் பொறுப்பும் அதன் தலையில் விழுந்தது.

1912 மே 13. ஃபிஷர் என்ற இளம் விமானி, அமெரிக்கப் பயணி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஃபிளாண்டர்ஸ் ஒற்றை இறக்கை விமானத்தில் புரூக்லண்ட்ஸிலிருந்து கிளம்பினார். ஒரு திருப்பத்தில் விமானம் பக்கவாட்டில் சறுக்கித் தரையில் மோதியது. இருவரும் இறந்தார்கள்.

அன்றைய நாளிதழ்களுக்கு இது இன்னொரு துயரச் செய்தி. ஆனால் கிளப் ஒரு குழு அமைத்து, பார்த்தவர்களை விசாரித்து, அறிக்கை வெளியிட்டது. முறையான விமான விபத்து விசாரணை அறிக்கைகளில் இதையே முதலாவதாகச் சொல்கிறார்கள். முடிவு கடுமையானது: வால் தாழ்ந்த நிலையில் திரும்புவதன் ஆபத்தை விமானி போதிய அளவு உணரவில்லை, விபத்துக்குக் காரணம் அவரே. இறந்தவர் தங்கள் சான்றிதழ் பெற்றவர் என்பதற்காக அவர்கள் பூசி மெழுகவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ‘அவரே காரணம்’ என்று எழுதிய இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டாமா என்றும் தோன்றியது.

“தயங்கித்தான் இருக்கணும் மாமா,” என்றான் மருமகன். “அப்ப யாருக்குமே அது முழுசாப் புரியலையே.”

இறக்கையைத் தாங்குவது அதன்மேல் ஓடும் காற்று. மூக்கைத் தூக்கிக்கொண்டு வேகம் குறைந்தால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். இதை ‘ஸ்டால்’ என்கிறார்கள். திரும்பும்போது இந்த ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும். அதுவும் ஒரு பக்க இறக்கை முதலில் சோர்ந்தால் விமானம் பம்பரம்போலச் சுழன்று இறங்கும். உயரத்தில் நடந்தால் மீளலாம். தரைக்கு அருகில் நடந்தால் அவகாசம் இல்லை. சிலேத்தாரில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்களாம்.

சுழலிலிருந்து மீளும் வழியை ஒருவர் செத்துப் பிழைத்துக் கண்டுபிடித்தார். அதே 1912 ஆகஸ்ட் 25ஆம் தேதி, சாலிஸ்பரி சமவெளியில் நடந்த ராணுவப் போட்டியில், வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி ஓட்டிய அவ்ரோ விமானம் சுழலத் தொடங்கியது. தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். பலிக்கவில்லை. தரை மிக நெருங்கிவிட்ட நிலையில், சுழலும் திசைக்கு எதிராகச் சுக்கானை முழுதும் மிதித்தார். விமானம் நிமிர்ந்தது. இறங்கியதும் என்ன செய்தேன், எப்போது செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அது அச்சிலும் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி, வெம்பிளியில் தாழ்வாகப் பறந்தபோது விமானம் விழுந்து பயணியுடன் அவரும் இறந்தார். வழி தெரிந்தவருக்கும் உயரம் இருக்கவில்லை.

எல்லாப் பழியும் விமானிமேல் போடப்படவில்லை. 1913 மே மாதம் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸில் டெஸ்மண்ட் ஆர்தர் என்ற ராணுவ விமானி, வலது இறக்கை முறிந்து விழுந்து இறந்தார். கிளப்பின் குழு சிதைவுகளைப் பார்த்தது. முறிந்த மரத்தை யாரோ மோசமாக ஒட்டு வேலை செய்து, மேலே துணியைப் போர்த்தி மறைத்திருப்பதாக முடிவு செய்தது. யார் என்று தெரியவில்லை. துணியைப் பிரித்துப் பார்க்க ஒருவர் இல்லாமல் போயிருந்தால், அதுவும் விமானியின் தவறு என்றே கோப்பில் மூடப்பட்டிருக்கும். 1915இல் பிரிட்டிஷ் ராணுவ விமானப் படை, விபத்துகளை ஆராய்வதற்கென்றே காக்பர்ன் என்ற பழைய விமானியை நியமித்தது. இன்று ஃபார்ன்பரோவில் இயங்கும் பிரிட்டிஷ் விசாரணைப் பிரிவு தன் தொடக்கத்தை அங்கிருந்தே கணக்கிடுகிறது. யார் குற்றவாளி என்று தேடுவது இப்படிப்பட்ட விசாரணையின் நோக்கமல்ல, மீண்டும் நடக்காமல் தடுப்பதே நோக்கம் என்பது இப்போது அனைத்துலக விதி. ஃபிஷரின் அறிக்கைக்கும் இதற்கும் நடுவே நிறைய தூரம்.

1925இல் டி ஹாவிலாண்ட் மாத் என்ற சிறிய விமானம் வந்தது. அரசு உதவியோடு ஊருக்கு ஊர் பறக்கும் கிளப்புகள் முளைத்தன. அலுவலக வேலை பார்த்த ஏமி ஜான்சன் போன்றவர்களும் கற்க வர முடிந்தது. புரூக்லண்ட்ஸிலும் 1932இல் கிளப்புக்கென்று வெள்ளைக் கட்டடம் ஒன்று எழுந்தது, இன்றும் நிற்கிறது. கான்கார்ட் விமானத்துக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் நாள் முழுவதையும் ஒதுக்குவது நல்லது.

எனக்கு மனத்தில் நின்றவர் ஹில்டா ஹியூலெட். 1911இல் விமானிச் சான்றிதழ் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண். பிளான்டோ என்ற பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து இங்கே பயிற்சிப் பள்ளி நடத்தினார். அவர்களிடம் 13 பேர் கற்றுத் தேறினார்கள். விபத்து ஒன்றுகூட இல்லை என்கிறார்கள். தம் மகனுக்கும் அவரே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

அன்றிரவு தொலைபேசியில் இதை அக்காளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அந்தம்மாவுக்கு அவன் பறக்கிறப்ப என்ன பண்றான்னாவது தெரிஞ்சிருக்கும்,” என்றாள்.