செம்பு மனிதர்

இவரைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியத்திலேயே தகராறு. அவனா, அவரா, அதுவா? ஆங்கிலத்தில் ‘காப்பர் மேன்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. எந்த உலோகத்துக்காக மலைக்குள் போனாரோ அதையே பெயராக ஒட்டிவிட்டார்கள். நான் ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

1899இல், சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில், சுக்கிகமாத்தா என்ற இடத்தில் செம்பு தோண்டியவர்கள் பழைய குடைவு ஒன்றுக்குள் அவரைக் கண்டார்கள். பாறை சரிந்து, வேலை செய்துகொண்டிருந்தவரை அப்படியே மூடியிருக்கிறது. பாலைவன வறட்சியும் செம்பு உப்பும் உடலை அழுகவிடவில்லை. பச்சை படிந்து கிடந்தார். உடம்பே செம்பாக மாறிவிட்டது என்று கதை கட்டினார்கள். அதெல்லாம் சும்மா. தோல் தோல்தான், நிறம் மட்டும் உப்பினுடையது. தலைமுடி சின்னச் சின்னப் பின்னல்களாக அப்படியே இருந்தது. அவர் இறந்தது ஏறத்தாழ கி.பி. 550 என்கிறது கரிமக் காலக்கணிப்பு. ஸ்பானியர் வர இன்னும் ஆயிரம் வருடம் இருந்தது. எழுத்து இல்லாத நிலம் என்பதால் அவரும் வரலாற்றுக்கு முந்தியவர் கணக்கில்தான் வருகிறார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பக்கத்தில் கிடந்த சாமான்கள். கல் சுத்தியல், கல் அலகு வைத்த மண்வாரி, தோல்பை, பின்னிய கூடைகள். செம்பு எடுக்கப் போகிறவர் கையில் ஏன் கல்? ஏனென்றால் செம்பு மிருதுவானது. பாறையில் நாலு போடு போட்டால் அதுதான் நசுங்கும், பாறை சிரிக்கும். கல் உடைந்தால் வீசிவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். வேல்ஸ் நாட்டின் கிரேட் ஓர்ம் மலையில், வெண்கலக் காலச் செம்புச் சுரங்கத்தில் மட்டும் 2,500க்கும் மேற்பட்ட கல் சுத்தியல்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் கடற்கரையில் பொறுக்கிய உருண்டைக் கற்கள்.

அட்டகாமா சுத்தியல் அப்படி வீசுகிற ரகமல்ல. கல்லை மரக் கைப்பிடியோடு சேர்த்து, பதப்படுத்தாத தோலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. ஈரமாகச் சுற்றினால் காயும்போது சுருங்கி, கல்லைக் கவ்விக்கொள்ளும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். பச்சைக் கனிமம் ஓடிய வழியே, ஒரு உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும் குடைந்துகொண்டு போனார்கள். அந்த இடுக்கில் கையை எவ்வளவு வீச முடியும்?

கண்டெடுத்த பிறகு அவர் கைமாறிக்கொண்டே இருந்தார். 1901இல் பஃபலோ நகரக் கண்காட்சி வரை போனார். கடைசியில் வங்கியதிபர் ஜே.பி.மார்கன் வாங்கி, 1905இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். குடைவுக்குள் எத்தனை நாள் உழைத்தாரோ தெரியாது, செத்த பிறகு இவ்வளவு வேலை.

2023இல் அந்த அருங்காட்சியகம் மனித எச்சங்கள் எல்லாவற்றையும் காட்சியிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்தது. நண்பனிடம் சொன்னேன். “கண்ணாடிப் பெட்டியில வைக்கலன்னா இவரு யாருன்னே நமக்குத் தெரியாதுலா,” என்றான். உண்மைதான். பாறை சரியாமல் வீடு திரும்பியவர்களில் ஒருவரைக்கூட நமக்குத் தெரியாது. ஆனாலும் அவன் சொன்னது எனக்குச் செரிக்கவில்லை. தெரிந்துகொள்வதற்காக ஒருவரை நூறு வருடம் படுக்கவைத்துப் பார்க்க வேண்டுமா என்ன? ஜூனியஸ் பேர்ட் என்ற தொல்லியலாளர் 1979இல் அவரையும் அவர் கருவிகளையும் பற்றி விரிவாகவே எழுதிவிட்டார்.

திருப்பி அனுப்புவதென்றால் எங்கே என்பது வேறு கேள்வி. சுக்கிகமாத்தா இன்று 850 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம். சுரங்கத்தை ஒட்டியிருந்த ஊரையே 2000களில் காலி செய்து, மக்களைப் பக்கத்து நகரான கலாமாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

“சரி, அனுப்புறாங்கன்னே வச்சிக்குவோம். சுத்தியலையும் சேர்த்தா?” என்று கேட்டான்.

பின்னே? அது அவருடைய சாமான்.