இருப்பிடப் பதிவேடு

சர்வர்கள் எங்கே இருக்கின்றன என்று எழுதி வைப்பவன் ஒரு குமாஸ்தாவே என்னும் அபிப்பிராயம் எங்கள் காரியாலயத்தில் வெகு காலமாக நிலவுவது எனக்குத் தெரியும். ஆயினும், நான் ஓய்வுபெறும் இத்தருணத்தில், அந்த வேலைக்கு இனி ஆளே வேண்டாம், இரவில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் போதும் என்று மேலதிகாரி ஒருவர் சபையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. எந்த ஸ்விட்ச்சின் எந்தப் போர்ட் என்பதுவரை எல்எல்டிபி என்னும் நெட்வொர்க் நெறிமுறை சொல்லிவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அணைந்து கிடக்கும் பெட்டியைப் பற்றியோ, எந்த ரேக்கின் எந்த யூவில், அதாவது எந்தத் தட்டில், அது உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பற்றியோ ஸ்கிரிப்ட் வாய் திறவாது.

எனக்கு இத்தொழிலைக் கற்பித்த பெரியவர் பிரத்தியட்சம் ஒன்றையே பிரமாணமாகக் கொண்டவர். வென்டர் கொடுத்த டெலிவரி சலானும் சென்ற வருஷத்து ஷீட்டும் அவருக்கு வெறும் செவிவழிச் செய்திகள். அம்பத்தூர் டேட்டா சென்டரின் கோல்ட் ஐலில் மண்டியிட்டு, டார்ச் வெளிச்சத்தில், 42 யூ ரேக்கைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக எண்ணி, முன்பக்கத்தில் இழுத்தால் வரும் சிறு பிளாஸ்டிக் நாக்கிலுள்ள சீரியல் எண்ணில் எட்டுக்கும் ‘பி’ எழுத்துக்கும் உள்ள பேதத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து நிச்சயித்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். பின்பு அனல் வீசும் பின்புறம் சென்று, இரண்டு பவர் கேபிள்களையும் விரலால் தடவிக்கொண்டே பிடியூ என்னும் மின் பகிர்வுப் பட்டை வரை போவார். “நீலக் கேபிள் என்றால் பி ஃபீடாகத்தான் இருக்கும் என்று நினைக்காதே, தம்பி, கேபிளுக்கு நிறம் தெரியாது, செருகினவனுக்கும் தெரிந்திருக்காது” என்பார். தனித்தனி ஃபீடில் இருக்க வேண்டிய இரண்டும் ஒரே பிடியூவில் செருகப்பட்டிருப்பதை அவர் கண்டுபிடித்த சந்தர்ப்பங்கள் பல. ஏட்டின் கடைசிப் பத்தி ‘பார்த்த தேதி’. தாம் பாராததற்கு அவ்விடத்தைக் காலியாகவே விடுவார், மேலிடம் எவ்வளவு நெருக்கினாலும் சரி.

வருகிற பெட்டிக்கு ஆயிரம் பேர் கையெழுத்திடுகிறார்கள். போகிற பெட்டியை ஒருவரும் சொல்லிக்கொண்டு எடுப்பதில்லை. எங்கள் தொழிலின் தீராத தொல்லை இதுவே. கழற்றிய சர்வர் ஏட்டில் வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் செலுத்திக்கொண்டு சிரஞ்சீவியாக வாழ்கிறது. காலியென்று எழுதிய யூவிலோ எவனோ அவசரத்துக்குச் சொருகிய ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

கிளவுட் வந்ததும் ‘எங்கே’ என்ற கேள்வியே அநாவசியம் என்றார்கள். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவுக்குள்ளேயே வைக்க வேண்டுமென்று சுற்றறிக்கை விட்ட பின்னர், அதே வாய்கள் அதே கேள்வியுடன் என் மேஜையைத் தேடி வந்தன. அமேசானின் வர்ஜீனியா பிராந்தியத்தில் ஒரு கணக்குக்கு ‘1ஏ’ என்று காட்டப்பட்ட மண்டலம் வேறொரு கணக்கின் ‘1ஏ’ அல்லாமலிருக்கக்கூடும் என்பதை நான் விளக்கியபோது, அந்தப் பெயர்களை நம்பியே இரு கணக்குகளில் பிரதிகளைப் பிரித்துவைத்திருந்தவர்கள் விழித்தார்கள். பெயரை விட்டு மண்டல ஐடியை எழுதுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 கட்டிடம் எரிந்து போனபோது, தங்கள் பேக்கப்பும் அதே கட்டிடத்தில்தான் இருந்தது என்பதை வாடிக்கையாளர் சிலர் அதன் பிறகே அறிந்தனர். பேக்கப் எடுத்தாயிற்றா என்று விசாரிப்பவர்கள், அது எந்தச் சுவருக்குள் இருக்கிறது என்று விசாரிப்பதில்லை.

இப்போதுள்ள இளைஞர்கள் நெட்பாக்ஸ் வந்துவிட்டதே என்கிறார்கள். நல்ல மென்பொருள்தான், 2016 முதல் எவரும் இலவசமாக எடுத்தாளலாம், ரேக்கின் படத்தை முன்னும் பின்னுமாக அழகாக வரைந்து காட்டும். வரைவதற்கு வேண்டிய விவரத்தை யாரேனும் போய்ப் பார்த்து வந்து இட வேண்டுமல்லவா? சென்ற மாதம் திறந்து பார்த்தேன்: பழைய ஷீட்டை அப்படியே இறக்குமதி செய்து, ‘பார்த்த தேதி’ முழுவதிலும் இறக்குமதி செய்த அன்றைய தேதியையே இட்டிருந்தார்கள், பெரியவர் காலியாக விட்ட இடங்களும் அதில் நிரம்பிவிட்டன. அதைத் திருத்தச் சொல்லி நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. என் பொறுப்பை ஏற்கவிருக்கும் பையனுக்கு அம்பத்தூருக்குள் நுழைய அனுமதி அட்டைக்கும் இதுவரை விண்ணப்பிக்கப்படவில்லை.