உறைபனிக்கு முன்பே தொடங்கிய சேதம்

அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டையாடுகிறவர்கள் காட்டோரத்தில் கால் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ திருத்தி, மான் மேய்வதற்கென்றே பயிர் வைப்பார்கள். ‘ஃபுட் பிளாட்’ என்பது அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர். கோடை முடியும் தறுவாயில் ஓட்ஸ், கோதுமை, ரை, டர்னிப், முள்ளங்கி, குளோவர் என்று தனியாகவோ கலந்தோ விதைப்பார்கள். கடுங்குளிர் ஒன்று அடித்து ஓய்ந்ததும் பச்சையாய் நின்றதெல்லாம் வைக்கோல் நிறத்தில் படுத்துவிட்டால், பழி முழுவதும் அந்த ஓர் இரவின் மேல் விழும். இந்தப் பழி எவ்வளவு நியாயம் என்ற கேள்வியோடு சேதத்தின் தொடக்கத்தைத் தேடிப் போனேன். தேடல் என்னைக் குளிர்காலத்தில் நிறுத்தவில்லை. அதற்குச் சில மாதம் முந்திய விதைப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

முதல் சாட்சி 2021 பிப்ரவரி. அந்த மாதம் 16ஆம் தேதி ஓக்லஹோமா நகரில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அதே நாளில் தெற்கே டாலஸில் அது மைனஸ் 19. எண்ணை மட்டும் பார்த்தால் ஓக்லஹோமாவில்தான் பேரழிவு நேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே மேல் இலைகள் கருகினாலும் கோதுமை பெரும்பாலும் பிழைத்து, கோடையில் அறுவடைக்கும் வந்தது. டெக்சாஸிலோ ஓட்ஸ் பரவலாகச் செத்தது. கூடுதல் குளிர் பட்ட பயிர் பிழைக்கிறது, குறைந்த குளிர் பட்டது சாகிறது என்றால், சாவைத் தீர்மானித்தது தெர்மாமீட்டர் மட்டும் அல்ல. ஓட்ஸின் தாங்குதிறன் சுமார் மைனஸ் 10, 12 டிகிரியோடு தீர்ந்துவிடும். நன்றாகக் குளிருக்குப் பழகிய குளிர்காலக் கோதுமை மைனஸ் 20ஐ ஒட்டியும் தாங்கும். ரை அதையும் மிஞ்சும். வேட்டைக்காரர்கள் விரும்பி விதைக்கும் பெருமுள்ளங்கியோ மைனஸ் 7 தொடர்ந்து சில இரவு நீடித்தாலே மடிந்துவிடும். எதை விதைப்பது என்று முடிவெடுத்த நாளிலேயே எந்தக் குளிரில் நிலம் வெறுமையாகும் என்பதும் ஓரளவு முடிவாகிவிடுகிறது.

குளிர் பயிரை எப்படிக் கொல்கிறது என்ற கேள்விக்கே நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் 1860 வாக்கில், உறைவதைவிட வேகமாக உருகுவதுதான் செடியைக் கொல்கிறது என்று கருதினார். காலை வெயில் பட்ட பிறகுதான் இலை கறுப்பதைக் கண்ணால் பார்க்கிறோம், ஆகவே அந்த முடிவு இயல்பாகத் தோன்றியது. 1880களில் இன்னொரு தாவரவியலாளர் முல்லர்-துர்காவ் அதை மறுத்தார். செல்களுக்கு இடையே உருவாகும் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது, சேதம் உறையும்போதே நடந்துவிடுகிறது என்றார் அவர். பின்னால் வந்த ஆய்வு பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது. அதாவது உறைபனியில் செடி சாவது ஒருவகை வறட்சிச் சாவு. நீர் போய்ச் சுருங்கும் செல்லின் சவ்வு கிழியாமல் தாக்குப்பிடித்தால் செடி மறுபடி தழைக்கும், இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

அந்தச் சவ்வுக்குத் தெம்பு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. உறைநிலைக்கு மேலே, சுமார் 10 டிகிரிக்குக் கீழே, பல நாள் முதல் பல வாரம் வரை நீடிக்கும் இளங்குளிரில் செடி தன்னைத் தயார்செய்துகொள்கிறது. செல்லில் சர்க்கரை சேர்கிறது, நீர் குறைகிறது, சவ்வின் கொழுப்பு மாறுகிறது. சர்க்கரையின் காவலை ருஷ்ய அறிவியலாளர் மக்சீமோவ் 1912இல் சிவப்பு முட்டைக்கோஸ் துண்டுகளைக் கொண்டு காட்டினார். இனிப்புக் கரைசலில் உறையவிட்ட திசு, வெறும் நீரில் உறைந்ததைவிடக் கடுமையான குளிரைத் தாங்கியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தோமாஷோவின் குழு 1998இல் இன்னும் ஆழமாகப் போனது. கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடாப்சிஸில் சிபிஎஃப்1 என்ற ஒரே மரபணுவை முடுக்கிவிட்டதும், இளங்குளிரில் பழகாமலே அதன் உறைவு தாங்கும் திறன் கூடியது. டர்னிப்பும் முள்ளங்கியும் அதே குடும்பம். பனி விழுந்த பிறகு டர்னிப் இலை இனிக்கிறது, மான் அப்போதுதான் அதைத் தேடி வருகிறது என்று வேட்டைக்காரர்கள் சொல்வதற்கும் இதில் வேர் இருக்கிறது. மானுக்கு ருசியாகும் சர்க்கரை, செடி தன் உயிரைக் காத்துக்கொள்ளச் சேர்த்தது. வெதுவெதுப்பான வாரத்தைத் தொடர்ந்து திடீரென்று குளிர் பாய்ந்தால் இந்தத் தயாரிப்பு அரைகுறையாகவே நிற்கும். தழைச்சத்தை அள்ளிப்போட்டு கொழுகொழுவென்று வளர்த்த பயிருக்கும் அதே கதிதான்.

தானியப் பயிரின் உயிர் இலையில் இல்லை, தூரடியில் இருக்கிறது. கோதுமையின் தூரடி மண்ணுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் அளவில் பதுங்கியிருக்கும். மேலே நான்கு விரல்கடை பனி மூடினால் காற்றின் கடுமை அதை எட்டாது; ஓக்லஹோமாக் கோதுமைக்கு அந்த வாரம் பெய்த பனிதான் போர்வையானது. குளிர் போய்ச் சில நாள் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி, தூரடியை பிளேடால் நெடுக்காகப் பிளந்தால் உண்மை தெரியும். வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருந்தால் இலை முழுக்கக் கருகியிருந்தாலும் உயிர் இருக்கிறது. பழுப்பேறிக் குழகுழவென்று இருந்தால் இல்லை. டர்னிப்பின் நிலை வேறு. அதன் கிழங்கு பாதி மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருப்பதால் ஒளிய இடமில்லை. உறைந்து உருகிய கிழங்கு நீர்கோத்து, கந்தக நெடியோடு அழுகும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: நிலம் வெறுமையானதற்குக் காரணம் மானே தவிரக் குளிர் இல்லை என்பார்கள். பல இடங்களில் அது சரியும்கூட. ஒரு மீட்டர் அகலக் கம்பிவலைக் கூண்டை விதைத்த கையோடு நிலத்தில் நிறுத்திவைத்தால் வழக்கு தீர்ந்துவிடும்: கூண்டுக்குள் பச்சையாகவும் வெளியே மொட்டையாகவும் இருந்தால் மான், இரண்டு பக்கமும் பழுப்பாக இருந்தால் குளிர். இரண்டும் கைகோத்து வருவதும் உண்டு. ஒட்ட மேய்ந்த செடியிடம் சேமிப்பு குறைவு, குளிர் அதை எளிதில் முடித்துவிடும். இன்னொரு மறுப்பு வலுவானது. எந்தப் பயிருக்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டிய குளிருக்கு விதைத்தவர் பொறுப்பாக முடியுமா? முடியாது. ஆனால் அந்த எல்லை தெரிந்ததே. ஓட்ஸ் மட்டும் விதைத்த நிலத்தில் மைனஸ் 15 என்பது முழு இழப்பு. நான்கில் ஒரு பங்கு ரை கலந்திருந்தால் அதே இரவு பாதியிலும் குறைந்த இழப்பாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் பிழைத்த ரை வெயில் வந்ததும் தூர்கட்டி இடத்தை நிரப்பும்.

இழப்பு என்ற கணக்கே நோக்கத்தைப் பொறுத்தது. வட மாநில விவசாயிகள் மண்ணைக் காக்க ஓட்ஸையும் முள்ளங்கியையும் விதைப்பதே, குளிரில் அவை தாமாகச் செத்து வசந்தத்தில் உழவு வேலையை மிச்சப்படுத்தும் என்பதற்காகத்தான். டிசம்பரோடு துப்பாக்கியை உறையில் போடும் வேட்டைக்காரருக்கு ஜனவரியில் செத்த ஓட்ஸ் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் காட்டில் தீனி அருகும்போது மானுக்குச் சோறு போட நினைத்தவருக்கு மட்டுமே அது இழப்பு. அவருக்கு ரையும் கோதுமையும் குளோவரும் விதைக்கடையில் கிடைக்காமல் இல்லை. ஆகவே கருகிய நிலத்தைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது, அன்றிரவு எத்தனை டிகிரி என்பதல்ல. எந்த மாதம்வரை நிற்கும் என்று நினைத்து எதை விதைத்தோம் என்பதுதான்.